மூன்றாவது கடை

கிட்டாரில்தான் கோளாறு. ஒரு மாதமாக ரோஸென் கெர்வெல் இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது கம்பியில் ஒரே ஒரு ஸ்வரம். அழுத்தினால் தெளிவாக ஒலிக்காமல், ஜன்னல் கண்ணாடியில் மாட்டிக்கொண்ட ஈயைப்போல் கிர்ரென்றது. பிப்ரவரியில் எப்போதாவது ஒருமுறை கேட்டது. ஏப்ரலில் எந்த மெட்டை எடுத்தாலும் கேட்டது. வழக்கமாக அவளுக்குப் பழுது பார்த்துக் கொடுத்தவர் கடையை மூடிவிட்டு, மகளோடு இருப்பதற்காகத் தெற்கே துலூஸ் நகரத்துக்குப் போய்விட்டார். கெம்பேர் நகரத்தில் நல்ல கடை எது என்று ரோஸென் இருபது வருடத்தில் ஒருமுறைகூட யோசித்ததில்லை. இப்போது யோசிக்க வேண்டியிருந்தது.

தம்பி லொயிக் அடுத்தடுத்து இரண்டு ஒத்திகைகளைத் தள்ளிப்போட்டதையும், பத்தொன்பது வயது மகள் ஏனோரா வியாழன்தோறும் தாமதமாக வீடு திரும்பி, கேட்டால் "நீச்சல்" என்று ஒற்றைச் சொல்லோடு மாடியேறிவிடுவதையும் இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்கள் அறிவார்கள். ரோஸென் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. தலைமுடி ஈரமாகாமல் நீச்சலிலிருந்து வரும் பெண்ணைப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அவள் கவனமெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது. துவார்னெனே ஊரில் பகல் நடனம். முந்நூறு பேராவது சுண்டுவிரல் கோத்து வரிசையாக ஆடுவார்கள். மேடையில் கெர்வெல் குழு. அதற்கடுத்த வாரம் ரென் நகரத்தில் புதிய இசைத்தட்டுக்கான பதிவு. அக்கா கிட்டார், தம்பி அக்கார்டியன் என்று தொடங்கிய குழுவுக்கு இது இருபத்திரண்டாவது வருடம்.

வேலை பார்க்கும் நூலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கிட்டார் பெட்டியோடு கிளம்பினாள்.

முதல் கடை நெடுஞ்சாலை ஓரத்தில், தோட்டச் சாமான் கடைக்கும் மெத்தைக் கடைக்கும் நடுவில் இருந்தது. விற்பனையாளர் கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

"என்ன மாடல் மேடம்?"

"கையால செஞ்சது. மாடல் எல்லாம் கிடையாது."

"அப்ப பார்ட்ஸ் கிடைக்காதே."

"பார்ட்ஸ் கேக்கலைங்க. இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்கன்னுதான் சொல்றேன்."

அவர் ஒரு கம்பியைத் தட்டினார். அது அந்தக் கம்பிகூட இல்லை.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. புதுசு ஒண்ணு பாக்கறீங்களா? நீலக் கலர்ல வந்திருக்கு."

ரோஸென் பெட்டியை மூடினாள்.

இரண்டாவது கடை ஓதே ஆற்றின் கரையில். கூரையிலிருந்து குழல்களும் பைக்குழல்களும் தொங்கின. முதலாளி அவற்றுக்குக் கீழே தலையைக் குனிந்தபடியே நடந்து பழகியவர். கெர்வெல் குழு என்றதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"கிட்டார் வேலை நான் தொடறதில்லம்மா. நாந்த்துக்கு அனுப்புவேன். ஆறு வாரம் ஆகும்."

"எனக்கு ஞாயித்துக்கிழமை வேணும்."

"எந்த ஞாயிறு?"

"இந்த ஞாயிறு."

அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "லோக்மரியாவுக்குப் போங்க. பீங்கான் கடைங்களுக்குப் பின்னால ஒரு பொண்ணு பட்டறை போட்டிருக்கா. ஸ்வாஸிக்னு பேரு. நல்ல வேலைக்காரி. வாய்தான் கொஞ்சம்..."

"வாய்க்கு என்ன?"

"மனசுல இருக்கறது அப்படியே வெளிய வந்துடும்."

வழியில் ஒரு வண்டிக் கடையில் சாசேஜ் சுருட்டிய கலெத் தோசை ஒன்றை வாங்கி நின்றபடியே தின்றாள். பாதி தின்பதற்குள் அது இடது கையிலிருந்து நழுவி நடைபாதையில் விழுந்தது. கடற்புறாக்கள் உடனே வந்து சேர்ந்தன. ரோஸென் தன் விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

லோக்மரியாவில் பட்டறையைக் கண்டுபிடிக்க மூன்று மணியாகிவிட்டது. பலகை ஏதும் இல்லை. உள்ளே பசையும் தேவதாரு மரமும் கலந்த வாசனை. ஸ்வாஸிக்குக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மரத்தூள் படிந்த மூக்குக்கண்ணாடி. வணக்கம் சொல்லுமுன்பே கிட்டாருக்காகக் கையை நீட்டிவிட்டாள்.

"வாசிச்சுக் காட்டுங்க."

ரோஸென் வாசித்தாள். கிர்ரென்றது.

ஸ்வாஸிக் கிட்டாரை வாங்கிக் கழுத்தை ஒரு கண்ணால் பார்த்தாள். இரும்பு அளவுகோலை வைத்தாள். கழுத்தில் பதித்திருந்த உலோகக் கட்டைகளை ஒவ்வொன்றாக விரல் நகத்தால் தட்டினாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்து அதே வரியைத் தானே வாசித்தாள். ஸ்வரம் சுத்தமாக எழுந்தது. மறுபடி வாசித்தாள். மறுபடியும் சுத்தம்.

"கிட்டார்ல ஒண்ணுமில்ல மேடம்."

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன். அருமையான கிட்டார். உங்க மோதிர விரல்தான் சரியா அழுத்தலை. வலிக்குதா?"

"இல்ல."

"மரத்துப் போகுதா?"

ரோஸென் இடது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். காலையில் இரண்டு கடைகளுக்கு அலைந்தது எதற்கென்று அவளுக்கு அப்போது புரிந்தது. கிட்டார்மேல் பழியைப் போடுகிற ஒரு கடையைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

"மெல்லிசு கம்பி மாட்டி, உயரத்தையும் கொஞ்சம் இறக்கித் தர்றேன்," என்றாள் ஸ்வாஸிக். "பாதி அழுத்தம் போதும். ஞாயித்துக்கிழமையைச் சமாளிச்சிடலாம். ஆனா டாக்டர்கிட்ட காட்டுங்க, ஒத்திப்போடாதீங்க. பேர் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"ரோஸென் கெர்வெல்."

பென்சில் நின்றது. ஸ்வாஸிக்கின் முகம் மலர்ந்தது.

"கெர்வெலா! முதல்லயே சொல்லக் கூடாதா? அப்ப இதோ, இது உங்க வீட்டுக் கிட்டார்தானே!"

சுவரோரம் ஒரு தாங்கியில் புத்தம்புதுக் கிட்டார் ஒன்று நின்றது. சின்ன உடல், செந்நிற முகப்பு. கம்பி மாட்டியிருந்தது, மெருகு மட்டும் பாக்கி. கழுத்தில் கட்டியிருந்த அட்டையில் 'லொயிக் கெர்வெல்' என்று எழுதியிருந்தது.

"என் தம்பி அக்கார்டியன்காரன்," என்றாள் ரோஸென். "அவனுக்குக் கிட்டார் எதுக்கு?"

"அவருக்கா? உங்க பொண்ணுக்கு! வியாழக்கிழமை தவறாம வந்து வாசிச்சுப் பாக்கறா. என்ன கை மேடம் அது! பதிவுக்கு முன்னாடி கொடுத்தே ஆகணும்னு உங்க தம்பி நச்சரிக்கறார். நீங்க ஓய்வு எடுத்துக்கிட்டீங்க, இனிமே பொண்ணுதான் குழுவுலன்னு சொன்னதும் நான்கூட நெனச்சேன், பரவால்லையே, சொந்த அம்மாவே இடத்தை விட்டுக் கொடுத்திருக்காங்களேன்னு..."

பேசிக்கொண்டே வந்தவள் ரோஸெனின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"எப்ப கொடுத்தான் ஆர்டர்?"

ஸ்வாஸிக் தயங்கினாள். ஆனால் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "போன அக்டோபர்."

அக்டோபரில் ரோஸெனின் கை நன்றாக இருந்தது. அக்டோபரில் அவள் ஒரே நாளில் இரண்டு ஊர்களில் வாசித்திருந்தாள். இரண்டாவது ஊரில் லொயிக் அவளைக் கட்டிப்பிடித்து, "உன்னை மாதிரி யாருக்குக்கா வரும்?" என்று சொல்லியிருந்தான்.

"இன்னிக்கு வியாழக்கிழமைதானே," என்றாள் ரோஸென். "எத்தனை மணிக்கு வருவா?"

"நாலு மணிக்கு. மேடம், நான் வேணும்னா போன் பண்ணி..."

"வேண்டாம். நான் இங்க உக்காரலாமா?"

ஸ்வாஸிக் முக்காலியின் மேலிருந்த மரத்தூளைத் துடைத்துக் கொடுத்தாள்.

நான்கு அடித்துச் சில நிமிடங்களில் கதவு திறந்தது.

"ஸ்வாஸிக், கழுத்தைச் சீவிட்டீங்களா? போன வாரம் கொஞ்சம் தடிமனா..." ஏனோரா குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்தாள். முக்காலியில் இருந்தவளைப் பார்த்தாள். குடை பாதி மடங்கியபடி கையில் நின்றது.

"நீச்சல் எப்படி இருந்துச்சு?" என்றாள் ரோஸென்.

"அம்மா..."

"பதினஞ்சு வயசுல கிட்டாரைத் தொடமாட்டேன்னு பெட்டியில போட்டுப் பூட்டினே. நானும் அழுதுட்டு விட்டுட்டேன். எங்க வாசிக்கற?"

"மாமா வீட்டு கேரேஜ்ல."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம்."

ரோஸென் அந்தப் புதிய கிட்டாரைத் தாங்கியிலிருந்து எடுத்து மகளிடம் நீட்டினாள். "வாசி."

"வேண்டாம்மா."

"ஸ்வாஸிக் கேக்கறாங்க, மாமா கேக்கறாரு. ஊரெல்லாம் கேக்கப் போகுது. நான் ஒருத்தி கேக்கக் கூடாதா? வாசி."

ஏனோரா உட்கார்ந்தாள். அவள் வாசித்தது ரோஸென் போட்ட மெட்டு. ஏனோரா பிறந்த அன்று விடியற்காலையில், மருத்துவமனைக் கட்டிலில், கிட்டார் இல்லாமல் போர்வைமேல் விரலை ஓட்டிப் போட்ட மெட்டு. ரோஸென் வாசிக்கும்போது அது நடனக்காரர்களைத் துரத்தும். ஏனோரா அதை நிதானமாக எடுத்தாள். இரண்டாவது வரியில், அம்மா ஒருநாளும் நிற்காத இடத்தில், ஒரு கணம் நின்றாள்.

நன்றாக இருந்தது. சுமாராக இருந்திருந்தால் ரோஸென் கோபப்பட்டுவிட்டுப் போயிருப்பாள்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ இருக்கற அறையில எனக்கு விரல் வராதும்மா." ஏனோரா கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஒரு வரி வாசிச்சா நாலு திருத்தம் சொல்லுவே. மாமா ஒண்ணும் சொல்லமாட்டார். சும்மா கூட வாசிப்பார்."

"அதுக்காக என் இடத்தை எடுத்துப்பியா?"

"கொஞ்ச நாள்ல அவரே உன்கிட்ட சொல்றேன்னார். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம்னார். அப்புறம் உன் கை... நாங்க ரெண்டு பேரும் அதைக் கவனிச்சோம்."

"கவனிச்சீங்க. கவனிச்சுட்டு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை."

ரோஸென் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். மகள் பின்னாலேயே வந்து காரில் ஏறிக்கொண்டாள். லொயிக்கின் வீடு வரை பதினைந்து நிமிடம். வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

லொயிக் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். மாலைச் சுற்று முடித்து, சீருடைச் சட்டையைக்கூட மாற்றாமல் கேரேஜில் அக்கார்டியனைத் துடைத்துக்கொண்டிருந்தான். அம்மாவும் மகளும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தான்.

"அக்கா. காப்பி போடட்டுமா?"

"ஸ்வாஸிக் கடையிலிருந்து வர்றேன்டா."

அவன் ஏனோராவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"உன் கை சரியில்லக்கா," என்று தொடங்கினான் லொயிக். "உனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியலை. நீ மேடையில அசிங்கப்படக் கூடாதுன்னுதான் நான் முன்கூட்டியே..."

"அக்டோபர்ல என் கை நல்லாத்தான்டா இருந்துச்சு."

வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"சொல்லு," என்றாள் ரோஸென். "உனக்கு அக்கார்டியன் துருத்தியை இழுக்கக் கத்துக் கொடுத்தவ நான். அப்பா வேண்டாம்னு சொன்னப்போ உன்னை மேடைக்கு இழுத்துட்டு வந்தவ நான். காரணத்தையாவது சொல்லு."

"அதான் காரணம்!" லொயிக்கின் குரல் திடீரென்று உயர்ந்தது. "நீ இழுத்துட்டு வந்தே. இன்னும் இழுத்துட்டே இருக்கே. என்ன வேகம்னு நீதான் வைப்பே. எந்த மெட்டுக்கு அப்புறம் எந்த மெட்டுன்னு நீதான் சொல்லுவே. இருபத்திரண்டு வருஷமா நான் உன் பின்னாடி ஓடிட்டே இருக்கேன்க்கா. எனக்கு நாப்பத்தி நாலு வயசு. ஒரு இசைத்தட்டாவது என் வேகத்துல இருக்கட்டும்னு ஆசைப்பட்டேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்பே?"

என்ன சொல்லியிருப்பாள் என்று மூவருக்கும் தெரியும்.

லொயிக் குரலைத் தாழ்த்தினான். அதற்குப் பிறகு சொன்னதை அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"பிப்ரவரியில உன் கம்பி மொதமொத கிர்ருன்னப்போ எனக்கு நிம்மதியா இருந்துச்சுக்கா. இனிமே நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல, உன் கையே உனக்குச் சொல்லிடும்னு."

ஏனோரா நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். அவளும் இதை இப்போதுதான் கேட்கிறாள்.

ரோஸென் எங்கேயாவது பார்க்க வேண்டும் என்பதற்காகச் சுவரைப் பார்த்தாள். அங்கே ரென் நகரத்துப் பதிவுக்கூடத்துக்கு அனுப்புவதற்கான பட்டியல் குத்தியிருந்தது. பன்னிரண்டு மெட்டுகள். நான்காவது: 'ஏனோரா பிறந்த காலை.' அதன் எதிரே இயற்றியவர் பெயருக்கான இடத்தில், சுத்தமாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது: 'மரபு மெட்டு. ஆக்கியவர் தெரியவில்லை.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு ஊசியோடு பிடுங்கி மகளிடம் கொடுத்தாள்.

"மாமா," என்றாள் ஏனோரா. "இது அம்மாவோடது. உங்களுக்குத் தெரியுமே. நீங்கதானே எனக்கு அந்தக் கதையைச் சொன்னீங்க?"

"அது... உன் அம்மா பேரைப் போட்டா அவகிட்ட கையெழுத்து வாங்கணும். அப்ப விஷயம் தெரிஞ்சுடும். அப்புறமா மாத்திக்கலாம்னுதான்..."

"எப்ப? தட்டு அச்சான பிறகா?" என்றாள் ரோஸென்.

அவன் அக்கார்டியனின் வாரைப் பிடித்துக்கொண்டான்.

ரோஸென் கத்தவில்லை. கத்த வேண்டும் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். "ஞாயித்துக்கிழமை நான் வாசிப்பேன் லொயிக். உன்கூட இல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள். காரில் ஏறி, பக்கத்து இருக்கைக் கதவின் பூட்டை நீக்கிவிட்டுக் காத்திருந்தாள். கேரேஜ் வாசலில் ஏனோரா காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அம்மாவையும் பார்த்தாள், உள்ளேயும் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிப் போய்விட்டாள்.

ரோஸென் இன்னும் இரண்டு நிமிடம் இருந்தாள். யாரும் வெளியே வரவில்லை.

லோக்மரியாவுக்கு அவள் திரும்பியபோது ஆறாக ஐந்து நிமிடம். கிட்டாரை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். பட்டறையில் விளக்கு எரிந்தது.

"நீங்க வருவீங்கன்னு மூடாம இருந்தேன்," என்றாள் ஸ்வாஸிக். "மேடம், நான் வாயை வெச்சுட்டு சும்மா இருந்திருக்கணும்."

"இல்ல. காலையிலிருந்து மூணு கடை ஏறியிருக்கேன். நல்ல கடைன்னு இதைத்தான் சொல்லுவேன். கம்பி மாத்துங்க. ஞாயித்துக்கிழமை தனியா வாசிக்கறேன்."

"தனியாவா? முந்நூறு பேர் ஆடறதுக்கா?"

"முடியுமான்னு எனக்கும் தெரியலை."

ஸ்வாஸிக் கிட்டாரை மேஜையில் கிடத்தி முதல் கம்பியைத் தளர்த்தினாள். ஏதோ சொல்ல நினைப்பவள் போல இரண்டு முறை நிமிர்ந்தாள். மூன்றாவது முறை சொல்லிவிட்டாள்.

"உங்க பொண்ணு பத்து நிமிஷம் முன்னாடி போன் பண்ணா. புதுக் கிட்டாரை நாளைக்கே கொடுங்கன்னா. மெருகு போடலைன்னேன். பரவால்ல, 'நாங்க காலையில வந்து எடுத்துக்கறோம்'னா."

"நாங்கன்னா யாரு?"

"அதைச் சொல்லலை."

ரோஸென் சுவரோரம் நின்ற கிட்டாரைப் பார்த்தாள். அட்டை அதன் கழுத்தில் இன்னும் தொங்கியது.

"எத்தனை மணிக்கு வர்றாங்களாம்?"

"ஒன்பதுக்கு."

"அப்ப நான் எட்டரைக்கே வந்து இதே முக்காலியில காத்திருக்கேன்," என்றாள் ரோஸென்.